சுண்டுவிரலில் தொட்ட குச்சி

"மெழுகுக்குள்ள விடுறது ஆள்காட்டி விரலு. அப்ப சுண்டுவிரலு எப்பிடி மரத்துப் போகும்? நீதான் பதினொண்ணு வரைக்கும் படிச்சிருக்கியே, சொல்லு பாப்போம்."

அய்யம்மாள் மதினி என்னிடம் இப்படிக் கேட்டது 1962ஆம் வருஷம் ஆனி மாதத்தில். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகி, நாலைந்து இடங்களுக்கு மனுப் போட்டுவிட்டு, தபால்காரரை எதிர்பார்த்துக் கால் தேயத் தெருவில் நடந்துகொண்டிருந்த நேரம். பள்ளிப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். இருதயத்தைப் படம் போட்டுப் பாகம் குறித்தது ஞாபகம் வந்தது. நுரையீரல் வந்தது. சுண்டுவிரல் வரவில்லை.

"தெரியலை மதினி" என்றேன்.

"போ, உனக்குப் பதினொரு வருசம் சோறு கட்டிக் குடுத்தது தண்டம்" என்று சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடையை அவரே தேடிக் கண்டுபிடித்தார். அதனால் இரண்டு மனிதர்களின் கைகள் பிழைத்தன. அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அய்யம்மாள் பிறந்தது தாயில்பட்டி. அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் பிழைத்தவர்கள். மூன்று வருஷம் தொடர்ந்து மழை தப்பியபோது குடும்பமே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்தை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். பிறகு அவர் ஏழாயிரம்பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். என் பெரியப்பா மகன் தங்கச்சாமி அண்ணன்தான் மாப்பிள்ளை. நான் சொல்லும் வருஷத்தில் மதினிக்கு இருபத்தெட்டு வயது, ஆறு வயதில் ஒரு மகள்.

ஆபீஸில் அவருக்கு வேலை குச்சி அடுக்குவது. வரிசையாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சியாக வைத்து, அதன் மேல் அடுத்த சட்டத்தை அழுத்த வேண்டும். மதினி குச்சியைப் பார்க்கவே மாட்டார். பக்கத்தில் இருப்பவளிடம் வாயாடிக்கொண்டே விரல் நுனியால் ஒரு தடவு தடவுவார். எந்தப் பள்ளம் காலியாக இருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விரலுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது அவரைப் போல யாருக்கும் தெரியாது.

அவர் அடுக்கிய சட்டம் அடுத்த கொட்டகையில் தங்கச்சாமி அண்ணனிடம் போகும். அண்ணனுக்கு மெழுகு முக்கும் வேலை. அடுப்பின் மேல் தட்டையான தகரத் தொட்டியில் மெழுகு உருகிக் கிடக்கும். சட்டத்தைக் கவிழ்த்துக் குச்சி முனைகளை அதில் தொட்டு எடுக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு கட்டிகட்டியாக ஒட்டும். கூடிப்போனால் குச்சி கருகும். சூட்டை அளக்கக் கருவி ஏதும் கிடையாது. முக்குகிறவர் ஆள்காட்டி விரலை மெழுகில் விட்டு எடுத்துப் பார்ப்பார். அதுதான் அளவு.

புதிதாக வருகிறவன் விரலை விட்டதும் "ஆத்தா" என்று அலறுவான். கொட்டகையே சிரிக்கும். நாலைந்து மாதத்தில் தோல் காய்த்துப் போகும். பிறகு அலற மாட்டான். "கை மரத்துப் போச்சா? அப்ப இனி நீ தொழில்காரன்" என்பார்கள். மரத்துப் போவது அந்தக் கொட்டகையில் பட்டம் வாங்குவது மாதிரி. மேஸ்திரி சோணைமுத்து அண்ணாச்சி இதில் எல்லோருக்கும் மேலே. இருபது வருஷம் மெழுகு முக்கியவர். கொதிக்கிற தொட்டியில் விரலை விட்டு நிதானமாக எடுத்து, வெள்ளையாக மெழுகு படிந்த விரலைத் தூக்கிக் காட்டி, "இது கை இல்லடா, கரண்டி" என்பார். அவருக்கு அடுத்த கரண்டி என்று தங்கச்சாமி அண்ணனைச் சொல்வார்கள். அண்ணனுக்கும் அதில் பெருமை உண்டு.

அந்த வருஷம் சித்திரையில் சுகாதார நிலையத்திலிருந்து முத்துக்கருப்பன் என்ற ஊழியர் சைக்கிளில் வந்தார். சர்க்கார் காகிதத்தில் குஷ்டரோகம் என்று எழுதுகிறார்களே, அதைக் கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. எங்கள் தெருவில் அதைப் பெருவியாதி என்பார்கள், அதையும் மெதுவாகத்தான் சொல்வார்கள். அதற்கு மாத்திரை வந்துவிட்டது, இலவசமாகக் கிடைக்கிறது, ஆரம்பத்திலேயே சாப்பிட்டால் கை கால் கோணாது என்று அவர் வீடு வீடாகச் சொன்னார். பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், "எங்க வம்சத்துல அப்பிடி யாரும் இல்ல, அடுத்த தெருவுல போய்ப் பாருங்க" என்றார்கள். அடுத்த தெருவில் இந்தத் தெருவைக் காட்டினார்கள்.

ஆபீஸுக்கும் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வைத்து ஆண்களை வரிசையாகப் பார்த்தார். ஒரு கோழி இறகால் தொடுவார், குண்டூசி முனையை லேசாக வைத்துப் பார்ப்பார். மெழுகுக் கொட்டகை ஆட்கள் வந்ததும் எல்லோரும் உள்ளங்கையை விரித்து நீட்டினார்கள். ஒரே தீக்காயத் தழும்பு, சாயம், காய்ப்பு.

"இது மெழுகுக் கை சார். நீங்க கடப்பாரையை வச்சுக் குத்துனாலும் தெரியாது" என்றார் சோணைமுத்து அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். முத்துக்கருப்பனும் சிரித்தார். நோட்டில், 'தொழிலால் வந்த காய்ப்பு' என்று எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். தங்கச்சாமி அண்ணன் கையையும் அப்படித்தான் எழுதினார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து யாரிடமோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். சோற்றுச் சட்டியை எடுக்க வந்த மதினி அப்படியே நின்றார். அண்ணனின் இடதுகைச் சுண்டுவிரலில் ஒரு கட்டெறும்பு கவ்விப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கடித்த இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. அண்ணன் பேச்சை நிறுத்தவே இல்லை.

மதினி எறும்பைப் பிய்த்து எறிந்தார். சேலை மடிப்பில் எப்போதும் ஒன்றிரண்டு குச்சி ஒட்டியிருக்கும், மருந்து முக்காத வெறுங்குச்சி. அதில் ஒன்றை எடுத்து, அண்ணன் அந்தப் பக்கம் பார்த்துப் பேசும்போது விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். ஆள்காட்டி விரலைத் தொட்டதும் அண்ணன் கையை இழுத்தார். நடுவிரலுக்கும் இழுத்தார். மோதிர விரலில் பாதி தெரிந்தது. சுண்டுவிரலில் அழுத்தியே குத்தினார். தெரியவில்லை. மெழுகில் முங்கி எழுகிற விரலுக்குத் தெரிகிறது, மெழுகே படாத விரலுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை முத்துக்கருப்பன் எங்கள் ஊர் வழியாகப் போவார். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் அவருடைய கிளினிக். மதினி அரைநாள் வேலையை விட்டுவிட்டு ரோட்டில் காத்திருந்து சைக்கிளை மறித்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார், தனியாக நின்றால் தெரு பேசும் என்பதற்காக.

"சார், அன்னைக்கு நீங்க கை பாத்தீகளே, எந்த விரலைப் பாத்தீக?"

"உள்ளங்கை பாத்தேன். ஏன்மா?"

"உள்ளங்கைதான் காய்ச்சுப் போச்சுன்னு ஊருக்கே தெரியுமே. காய்க்காத இடத்தைப் பாக்க வேண்டாமா? எங்க வீட்டுக்காரருக்குச் சுண்டுவிரல்ல எறும்பு கடிச்சாத் தெரியலை."

முத்துக்கருப்பன் சைக்கிளை மரத்தில் சாத்தினார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டுப் போயிட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்து முழங்கையின் உட்பக்க எலும்பைத் தொட்டுக் காட்டினார். "இங்க எங்கயாவது இடிச்சுக்கிட்டா சுண்டுவிரல் வரைக்கும் சுர்ருன்னு ஓடுமே, அந்த நரம்பு இதுதான். இந்த வியாதி முதல்ல தேடி வர்ற இடங்கள்ல இது ஒண்ணு. நரம்பு வீங்கும், விரல் மரத்துப் போகும், அப்புறம் மடங்கும். மெழுகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எனக்குத் தெரியாத விடை இவ்வளவுதான். முழங்கையை இடித்துக்கொள்ளாதவர் உலகத்தில் உண்டா? ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை.

"குணமாகுமா சார்?" என்று மதினி கேட்டார்.

"இப்ப வந்தா விரல் மடங்காமக் காப்பாத்தலாம். ஆனா வருசக்கணக்கா மாத்திரை திங்கணும். நடுவுல விடக் கூடாது. அவரைக் கூட்டிட்டு வாங்க."

அதுதான் கஷ்டமாக இருந்தது. மதினி சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"எனக்குப் பெருவியாதின்னு நீயே ஊருக்குள்ள பேரு கட்டப் போறியா? நாளைக்கு ஆபீஸ்ல காலு வைக்க விடுவாகளா? இவளை எவன் கட்டுவான்?" மகள் அங்கே தரையில் சோழி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் சொல்ல வேண்டாம். நீங்க வந்து காட்டுங்க, போதும்."

"புளியமரத்தடியில நின்னாப் பத்தாதா, நாலு ஊருக்குத் தெரியும். இது மெழுகுக் கை. கை மரத்ததாலதான்டி எனக்கு அங்கன பேரு."

"பேரு இருக்கும். விரலு இருக்காது."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அண்ணன் அவரோடு பேசவில்லை.

மதினி யோசித்தார். இவர் நம்புவது மெழுகை. மெழுகு முக்குகிற மற்றவர்களுக்கும் சுண்டுவிரல் மரத்திருந்தால் இவர் சொல்வது சரி. மற்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்தால், இவருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று இவரே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கண்ணால் பார்க்க வைக்க வேண்டும்.

திங்கட்கிழமை மத்தியானம், கஞ்சி குடித்த தூக்குவாளிகளைக் கழுவி வைத்துவிட்டு எல்லோரும் வேலி ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். மதினி ஒரு குச்சியோடு மெழுகுக் கொட்டகை ஆட்கள் நடுவில் போய் நின்றார். நடந்ததை அங்கே இருந்த நாலு பேரிடம் நான் கேட்டிருக்கிறேன், எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"சூடு தாங்குறவன் யாருன்னு தினம் போட்டி போடுறீகளே, இன்னைக்கு ஒரு புதுப் போட்டி. கண்ணைக் கட்டிக்கிடுங்க. குச்சியால தொடுவேன். எந்த விரலுன்னு உடனே சொல்லணும். சொன்னவன் தொழில்காரன்."

"எங்களைத் தொட்டு வெளையாட வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?" என்றான் ஒருவன்.

"அவரைத்தான் நடுவரா உக்கார வச்சிருக்கேன். அவருக்குப் போட்டி கிடையாது" என்றார் மதினி. அண்ணன் முறைத்தார், ஆனால் எழுந்து போகவில்லை.

முனியசாமி என்பவர் முதலில் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். ஆள்காட்டி விரலைத் தொட்டபோது கொஞ்சம் திணறினார். "இதா... இது ஆள்காட்டி விரலு." சுண்டுவிரலைத் தொட்டதும், "சுண்டுவிரலு!" என்றார் உடனே. அடுத்தவரும் அப்படியே. மூன்றாமவரும் நான்காமவரும் அப்படியே. மெழுகில் காய்த்த விரல் தாமதமாகச் சொன்னது, சுண்டுவிரல் சட்டென்று சொன்னது. ஒவ்வொரு முறையும் அண்ணனின் பார்வை அவருடைய இடதுகைக்குப் போய் வந்தது என்று முனியசாமி பிறகு சொன்னார்.

சத்தம் கேட்டு மேஸ்திரி சோணைமுத்து அண்ணாச்சி வந்தார். "என்னடா இது, சின்னப் பிள்ளைக வெளையாட்டு? தள்ளு. இருபது வருசக் கை இது" என்று அவரே துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

மதினி வலதுகை விரல்களைத் தொட்டார். ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னார். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. இடதுகையில் சுண்டுவிரலைத் தொட்டார்.

அண்ணாச்சி காத்திருந்தார்.

இன்னொரு முறை, அழுத்தித் தொட்டார்.

"தொடு புள்ள, என்ன யோசிக்கிற? பயமா?"

மூன்றாவது முறை குச்சி வளைகிற அளவுக்கு அழுத்தினார்.

"ஏ அய்யம்மா, மத்தியானம் முடிஞ்சு போகும். தொடப் போறியா, இல்லையா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அது காதில் உறைத்ததும் அண்ணாச்சி துண்டை இழுத்தார். குச்சி முனை அவர் சுண்டுவிரலில் ஊன்றியிருந்தது. அதைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார்.

மதினி இதை எதிர்பார்க்கவில்லை. அவர் யாருக்கும் குழி பறிக்க வரவில்லை. மேஸ்திரி நினைத்தால் அவர்கள் இருவரையும் அன்றே வெளியே அனுப்பியிருக்கலாம்.

பேசியது தங்கச்சாமி அண்ணன். எழுந்து முன்னால் வந்து தன் இடதுகையை நீட்டினார்.

"அண்ணாச்சி, எனக்கும் அங்கனதான் தெரியலை. எறும்பு கடிச்சதே தெரியலை. இது மெழுகால வந்தது இல்லையாம். மாத்திரை இருக்காம். வெள்ளிக்கிழமை நான் போறேன். நீங்களும் வாங்க."

சோணைமுத்து அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் குச்சி அடுக்குகிற கொட்டகைக்கு வந்து, சட்டங்களைப் பார்ப்பது போல மதினி பக்கத்தில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு அந்த ஆளு வருவாரு?"

"பத்து மணிக்கு, அண்ணாச்சி."

"ம்" என்று போய்விட்டார்.

இருவரும் போனார்கள். முழங்கை நரம்பு இருவருக்கும் தடித்திருந்தது. அண்ணாச்சிக்கு முதுகில் அவருக்கே தெரியாமல் ஒரு வெளிறிய படை. மதினியையும் மகளையும் பார்த்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லதுதான். ஆனால் இந்த வியாதியில் கண்டுபிடிப்பது பாதி வேலை, வருஷக்கணக்காக மாத்திரை தின்ன வைப்பது மீதி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் உண்டு. வாராவாரம் வேலையை விட்டுப் போக முடியாது. போனாலும் மரத்தடியில் நின்றவரை ஊரே பார்க்கும். ஏழெட்டு வாரத்தில் அண்ணன் சாக்குச் சொல்ல ஆரம்பித்தார். மதினி மறுபடி சைக்கிளை மறித்தார்.

"சார், ஞாயித்துக்கெளமை வாங்க. ஆபீஸ் லீவு."

"எனக்கும் அன்னைக்குத்தான்மா லீவு."

"வெள்ளிக்கெளமை நீங்க லீவு எடுத்துக்கிடுங்க. அப்புறம், இந்த மாத்திரையை மட்டும் கொண்டுவந்தா யாரு வருவா? சொறி சிரங்குக்குக் களிம்பு கொண்டாங்க. தீப்பட்ட புண்ணுக்குக் கட்டுத் துணி கொண்டாங்க. இங்கன சிரங்கு இல்லாத பிள்ளையும் இல்ல, தீப்புண்ணு இல்லாத ஆளும் இல்ல. எல்லாரும் ஒரே வரிசையில நிப்போம். யாரு எதுக்கு வந்தாகன்னு எவனுக்குத் தெரியும்?"

முத்துக்கருப்பன் மேலே எழுதிக் கேட்க மூன்று மாதம் பிடித்தது. தை மாதத்திலிருந்து கிளினிக் ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். பெரும்பாலும் சிரங்குப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும். அந்த வரிசைக்குள் அண்ணனும் அண்ணாச்சியும் நின்றார்கள். மதினி பிள்ளைகளுக்குக் களிம்பு தடவுகிற சாக்கில் ஒவ்வொரு தாயின் கையையும் வெறுங்குச்சியால் தொட்டுப் பார்த்துவிடுவார். அப்படி இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள்.

சோணைமுத்து அண்ணாச்சி ஆறு மாதத்தில் படை மறைந்ததும், "எனக்குச் சரியாப் போச்சு" என்று நிறுத்திவிட்டார். மறு வருஷம் பாதத்தில் ஆணி ஏறியது தெரியாமல் மூன்று நாள் நடந்தார். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு வரிசையில் முதல் ஆள் அவர்தான். தங்கச்சாமி அண்ணனை மெழுகுத் தொட்டியிலிருந்து மாற்றி, பண்டல் கட்டும் இடத்தில் போட்டதும் அவர்தான். சூடு தெரியாத கை நெருப்புப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று இப்போது புதியவர்களுக்கு அவரே சொல்கிறார். கரண்டிப் பேச்சை விட்டுவிட்டார்.

அண்ணனின் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்ததோடு நின்றுவிட்டது. மற்ற நான்கும் நிமிர்ந்திருக்கின்றன. லாரிக்கு லோடு ஏற்றும்போது கயிற்றை அவர் இழுத்துக் கட்டினால் அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். மூன்று வருஷமாக ஒரு வாரம் கூட மாத்திரையை விடவில்லை. விட மதினி சம்மதிக்கவும் மாட்டார். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் கையைப் பிடித்துக் குச்சியால் தொட்டு, "கண்ணை மூடுங்க சித்தப்பா, எந்த விரலு?" என்றாள். சரியாகச் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும் வேலை செய்கிறவர்களில் பலருக்கு இதைப் படிக்க முடியாது. மத்தியானம் கஞ்சி குடிக்க அவர்கள் உட்காருகிற இடத்தில் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முடித்ததும் ஒரு வெறுங்குச்சியை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, எல்லோருடைய சுண்டுவிரலையும் தொட்டுப் பாருங்கள். யாராவது, "தொடு, ஏன் யோசிக்கிற?" என்று கேட்டால், அவரை ஞாயிற்றுக்கிழமை வரிசைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.